நாங்கள் போட்ட ரோட்டை நாங்களே வெட்டினோம்

எங்களைப் போன்ற பழைய நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேச மாட்டார்கள். "ஒன்பதாவது மைல்ல அந்தப் புளியமரம் இன்னும் கீதா?" என்று ஒருவர் கேட்பார். "அது உயுந்து எவ்ளோ காலமாச்சு!" என்று மற்றவர் சொல்வார். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் மட்டும் அந்த மரம் நிற்கும்.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் இப்போது பணியில் இருக்கும் உதவிப் பொறியாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதுப் பெண். திருவள்ளூர்–புதுவாயல் சாலையை அகலப்படுத்தும் வேலை அவர் கைக்கு வந்திருக்கிறதாம். "ஐயா, பழைய ஃபைல்ல அளவெல்லாம் இருக்குது. ஆனா அந்த ரோடு எப்படி வந்துச்சுன்னு எதுலயும் இல்ல. நீங்க பாத்தத எழுதிக் குடுங்களேன்" என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எங்கள் இன்ஜினியர் ராகவன் சாரைப் பற்றி யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும் என்று பல காலமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் ரோட்டைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரில் புறப்பட்டு ஈக்காடு, வெள்ளியூர் வழியாகத் தாமரைப்பாக்கம் வரும். அங்கே கொசஸ்தலை ஆறு. அதைக் கடந்தால் வெங்கல், அப்புறம் பெரியபாளையம். பெரியபாளையத்தை விட்டு, பக்கத்திலேயே இருக்கிற ஆரணி (வடாற்காட்டு ஆரணி அல்ல) போய், அங்கிருந்து புதுவாயலில் கல்கத்தா டிரங்க் ரோட்டில் போய்ச் சேரும். ஆதியில் அது வண்டிப் பாதைதான். ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் மாட்டு வண்டியில் போன தடம். பழவேற்காட்டுக் கருவாடும் உப்பும் உள்நாட்டுக்கு வந்த வழியும், நெல்லு மூட்டை ரயிலடிக்குப் போன வழியும் அதுவே. ஜில்லா போர்டு காலத்தில் அதன்மேல் கொஞ்சம் கல் கொட்டினார்கள். பிறகு எங்கள் துறை எடுத்துக்கொண்டது. அப்போது இதெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா.

நான் பழவேற்காட்டு ஏரிக் கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவன். என் அப்பா, அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோருமே வலை போடுகிறவர்கள். எட்டாவது வரை படித்த நான் அறுபதுகளின் ஆரம்பத்தில் ரோடு வேலையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாகச் சேர்ந்தேன். "தண்ணில பொறந்தவனுக்கு தரையில இன்னாடா வேல?" என்று அப்பா கேட்டார். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்ததும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். சில வருஷம் மண் சுமந்தேன், ஜல்லி பரப்பினேன், தார் காய்ச்சினேன், பிறகு மேஸ்திரி ஆனேன். அந்த வருஷங்களை இதற்கு மேல் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்ட பாடுதான்.

ராகவன் சார் ஜூனியர் இன்ஜினியராக எங்கள் பகுதிக்கு வந்தபோது நான் மேஸ்திரியாக இருந்தேன். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். இவர் வெயிலில் நிற்க மாட்டார், நிழலில் நாற்காலி போடச் சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். முதல் நாளே தாமரைப்பாக்கத்திலிருந்து பெரியபாளையம் வரைக்கும் நடந்து வந்தார். ஜீப் பின்னால் காலியாக ஊர்ந்து வந்தது.

"ஜீப்புல போனா ரோடு நம்மகிட்டப் பொய் சொல்லும். நடந்தாத்தான் நெசம் சொல்லும்" என்றார்.

அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. கல் உடைக்கிற பெண்களையும் "நீங்க" என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. எங்கள் கேங்கில் கன்னியம்மா என்று ஒரு பெண் இருந்தார். பெரியபாளையத்துக்கும் ஆரணிக்கும் நடுவில், ரோட்டோரக் காலனியில் வீடு. வாய் கொஞ்சம் நீளம். அவரே முதல் தடவை "உங்க கைக்கு இந்தச் சம்மட்டி கனமா இருக்குதோம்மா?" என்று சார் கேட்டபோது வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். மறுநாள் கனம் குறைந்த சம்மட்டி வந்தது.

அவர் வேலை வாங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு இயந்திரம் முன்னால் போனால் பின்னால் ரோடு வந்துவிடுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. முதலில் மண்ணைச் சீர் செய்து பெரிய கல்லைப் பதிக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி. ஜல்லியை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் சரிகிற மாதிரி பரப்பிப் பலகை வைத்துப் பார்க்க வேண்டும். ரோலர் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வரவேண்டும். நடுவில் தொடங்கினால் கல் ஓரத்துக்கு நழுவிவிடும். கல் அசையாமல் உட்கார்ந்த பிறகு செம்மண் தூவி, தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி மறுபடி உருட்ட வேண்டும். அது காய்ந்து இறுகிய பிறகு தூசி தட்டித் தார் ஊற்றிப் பொடிக் கல் தூவி மீண்டும் ஒரு உருட்டு.

இவ்வளவும் எல்லா இன்ஜினியரும் செய்ததுதான். ராகவன் சார் அதற்கு மேல் ஒன்று செய்வார். உருட்டி முடிந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை நடு ரோட்டில் மெதுவாகச் சாய்க்கச் சொல்வார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓரத்துக்கு ஓட வேண்டும். எங்கேயாவது உள்ளங்கை அளவு தேங்கினாலும் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். அந்த இடத்தைப் பெயர்த்து மறுபடி போட வேண்டும். ரோலர் ஓட்டிய காசிம் பாய்க்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை.

"இன்னா சார், ரோடு போட சொல்றீங்களா, தோசக்கல்லு தேய்க்க சொல்றீங்களா?" என்றார்.

"பாய், நாம கல்லு வேலை செய்யறதா நெனச்சிண்டிருக்கோம். இது தண்ணி வேலை. தண்ணி போற வழிய விட்டுட்டா ரோடு தானா நிக்கும்."

காசிம் பாய் பழைய நீராவி ரோலரில் கரி அள்ளிப் போட்டு வேலை பழகியவர். அவருக்குத் தன் கைவேலை மேல் கர்வம் அதிகம். ஆனால் கொஞ்ச நாளில் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு சாரைத் தேட ஆரம்பித்தார். "வா சார், ஊத்திப் பாரு. ஒரு சொட்டு நின்னா என் பேர மாத்திக்கிறேன்" என்பார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. அதுவரை பஸ்ஸும் மாட்டு வண்டியும் போன எங்கள் ரோட்டில் இரும்பு ஏற்றிய லாரிகள் ஓடின. பழைய ரோடு அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ரோட்டை உயர்த்திப் பலப்படுத்த உத்தரவு வந்தது. பெரியபாளையத்தைத் தாண்டி வருகிற தாழ்வான பகுதியில் ஆள் உயரத்துக்கு மேல் மண் அடித்து உயர்த்தினோம். முழுசாக ஒரு கோடை அந்த வேலையிலேயே போனது. மழைக்கு முன்னால் தார் போட்டு முடித்துவிட்டோம். ஓர மண்ணை இறுக்குகிற வேலை மட்டும் பாக்கி. ரோலர் அங்கேயே நின்றது. பெரிய இன்ஜினியர் வந்து பார்ப்பதாகத் தகவலும் வந்திருந்தது. காசிம் பாய் ரோலருக்குப் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்.

அந்த இடத்தின் அமைப்பைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். ரோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவில் கன்னியம்மாவின் காலனி. ரோட்டுக்கு மறுபக்கம் ஒரு ரெட்டியாரின் நெல் வயல்கள். வயலைத் தாண்டினால் ஆரணி ஆறு. பழைய ரோடு தரையோடு தரையாக இருந்தது. மழைக்காலத்தில் ஏரி வழிந்தால் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஏறி ஆற்றுக்குப் போய்விடும். புது ரோடு உயரமானது. தண்ணீர் போக அடியில் ஒரு குழாய் வைத்திருந்தோம். அதற்கு முந்தைய சில வருஷங்கள் மழை பொய்த்து ஏரியில் மாடு மேய்ந்தது. அதனால் ஒரு குழாய் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. விடாமல் அடித்த மழையில் ஒரு நாள் விடியற்காலை ஏரிக்கரை உடைந்துவிட்டது.

பெரியபாளையத்தில் நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்குக் கன்னியம்மாதான் ஓடி வந்தார். உடம்பெல்லாம் சேறு.

"மேஸ்திரிண்ணா! தண்ணி வந்துட்ச்சி. ஊட்டுக்குள்ள கயுத்து வரிக்கும் நிக்குது. ஜனமெல்லாம் மாரியாத்தா கோயிலு மேல ஏறிகினு கீது. சாரைக் கூப்புடு!"

சாரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மழை வலுத்ததுமே அவர் குடையோடு கிளம்பிவிட்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். குடை காற்றில் போய்விட்டிருந்தது.

அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏரித் தண்ணீர் கலங்கிப் பொங்கி நிற்கிறது. குடிசைகளின் கூரை மட்டும் தெரிகிறது. காலனியில் கல் கட்டடம் என்று இருந்தது அந்தச் சின்ன மாரியம்மன் கோயில் ஒன்றுதான். அதன் உயர்ந்த தளத்தில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் மரங்களில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கமோ வயலில் வழக்கமான மழைத் தண்ணீர்தான், கதிர் நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் எங்கள் புது ரோடு, கறுப்பாக, நேராக, ஒரு சின்ன விரிசல்கூட இல்லாமல்.

முதலில் குழாயைப் பார்த்தோம். கூரை ஓலையும் வைக்கோலும் அடைத்து அதன் வாயே தெரியவில்லை. நீள மூங்கிலால் குத்தினோம். நான் மூச்சடக்கி முங்கி இரண்டு கை நிறைய இழுத்துப் போட்டேன். எடுக்க எடுக்க வந்து அடைத்தது. திறந்திருந்தாலும் அந்த வெள்ளத்துக்கு அது காணாது. பெரிய ஆபீசுக்குத் தகவல் சொல்ல ஒரு ஆளைச் சைக்கிளில் தபால் ஆபீசுக்கு அனுப்பினார் சார். டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது என்று ஆள் திரும்பி வந்துவிட்டான். அதற்குள் கோயில் படிகள் முழுகிவிட்டன.

சார் தண்ணீரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏகாம்பரம், இது இப்ப ரோடு இல்லை. ஏரிக்கரை. நாமதான் போட்டோம். வெட்டணும்."

ரோட்டைக் காப்பாற்றத்தான் எங்களுக்குச் சம்பளம். ஒரு கல் பெயர்ந்தாலே மனசு அடித்துக்கொள்ளும் ஆட்கள் நாங்கள். காசிம் பாய்தான் வாயைத் திறந்தார்.

"சார், பட்டு மாதிரி உருட்டி வெச்சிருக்கேன் சார்."

"தெரியும் பாய். கடப்பாறையால அந்தத் தாரை உடைக்க அரை நாள் ஆகும். உங்க வண்டிக்குப் பின்னாடி கீறு பல் இருக்கே. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

பழைய ரோட்டைப் புதுப்பிக்கும்போது மேல்தளத்தைக் கிழிப்பதற்காக அந்த ரோலரின் பின்புறம் இரும்புப் பற்கள் மாட்டியிருந்தன. காசிம் பாய் போய் வண்டியில் ஏறினார்.

நான் இன்னொரு பக்கம் போனேன். ரோலருக்கு டீசல் வந்த காலிப் பீப்பாய்கள் அது நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ரோட்டோரம் கிடந்தன. மூடியைத் திருகி இறுக்கினால் காற்று வெளியே போகாது. நாலு பீப்பாயைச் சேர்த்து, மேலே மூங்கில் பரப்பி, கயிற்றால் கட்டினேன். எங்கள் அப்பா கட்டுமரம் பிணைக்கிற முடிச்சு எனக்குத் தெரியும். ஒரு கயிற்றின் முனையை ரோட்டோரப் பனைமரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நீந்திக் கோயில் தூணில் கட்டினேன். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீப்பாய்த் தெப்பத்தை இழுத்து இழுத்துப் பிள்ளைகளைக் கரை சேர்த்தோம். தெப்பத்தின் ஒரு ஓரம் நான், மறு ஓரம் கன்னியம்மா. "அயாத, அயாத, தோ வந்துட்சி ரோடு" என்று அவர் அழுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் ஒரு நடைக்குச் சிலரைத்தான் ஏற்ற முடிந்தது. தண்ணீர் எங்களைவிட வேகமாக ஏறியது.

அந்த நேரத்தில்தான் மறுபக்கமிருந்து ரெட்டியார் வந்தார். கூடவே அவருடைய ஆட்கள். ரோலர் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நல்ல உயரம், வெளுத்த மீசை. ரோலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னா சார் இது? கவர்மெண்டு ரோட்ட கவர்மெண்டே வெட்டுதா? இத வெட்னா தண்ணி எங்க போவும்? என் பயிரு மேலதான போவும்? கதிரு வந்த பயிரு சார். எங்க நைனா காலத்துலகூட இப்படி ஒரு அக்கிரமம் நடக்கல. நிறுத்து சார்!"

அவருடைய ஆட்கள் கையில் கம்பு இருந்தது. சார் போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லவில்லை. சட்டமும் பேசவில்லை.

"ரெட்டியார், நீங்க சொல்றது சரி. உங்க பயிருக்குச் சேதம் வரும். இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிமிஷம் மேல ஏறி வாங்கோ. வந்து பாத்துட்டு என்ன சொல்றேளோ சொல்லுங்கோ."

வயல் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கள் ரோட்டின் உயரம் காலனியை முழுக்க மறைத்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ரெட்டியாருக்குத் தெரியவே தெரியாது. சார் கை கொடுத்தார். ரெட்டியார் அதைப் பிடிக்காமல் தானாகச் சரிவில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு கோயில் தளத்தைக் காட்டி, "அது நம்ம முனியன் ஊட்டுப் பசங்க இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் கன்னியம்மா, தெப்பத்திலிருந்தபடியே.

தன் வயலில் வேலை செய்கிற முனியனின் பிள்ளைகளைப் பார்த்ததும் ரெட்டியாரின் முகம் மாறியது. சார் அப்போதும் அவசரப்படவில்லை. "எங்க வெட்டினா உங்களுக்குச் சேதம் கம்மியா இருக்கும்? நீங்களே சொல்லுங்கோ. அங்கயே வெட்டறோம்" என்றார்.

"இங்க வெட்டாத சார். இங்க வெட்னா வயல் பூரா சுத்தும்" என்று சொல்லிவிட்டு ரெட்டியார் மழையில் விறுவிறு என்று நடந்தார். பனைமரக் கூட்டத்தைத் தாண்டி ஒரு இடத்தில் நின்றார். "தோ, இங்க. எங்க தாத்தா காலத்துல இங்க ஒரு ஓடை இருந்துச்சு. தூந்து போச்சு. ஆனா பள்ளம் இன்னும் ஆத்துக்குத்தான் போவுது. இங்க வுடு. எனக்கு ஒரு கைப்பிடி நெலம் போவும். போவட்டும்." தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? மம்மட்டி எடுத்தாங்கடா!"

காசிம் பாய் ரோலரை அங்கே கொண்டுவந்து பற்களை இறக்கினார். தார் கிழிகிற சத்தம் துணி கிழிகிற மாதிரி கேட்டது. முன்னும் பின்னுமாகப் போய்த் தான் உருட்டிய இடத்தைத் தானே கீறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. மேல்தளம் பெயர்ந்ததும் ரோலர் விலகியது. தெப்பத்தைக் கன்னியம்மாவிடம் விட்டுவிட்டு நானும் வந்து சேர்ந்தேன். எங்கள் கேங்கும் ரெட்டியாரின் ஆட்களும் இரண்டு பக்கமும் நின்று மண்ணை வாரிப் போட்டார்கள். பெரியபாளையத்திலிருந்தும் ஜனம் வந்து சேர்ந்தது. வயல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, ஏரிப் பக்கம் ஒரு மண் சுவர் மட்டும் மிஞ்சியபோது சார் எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். என் கையிலிருந்த கடப்பாறையை வாங்கிக்கொண்டார்.

"சார், நான் தண்ணில பொறந்தவன். நான் இறங்கறேன்" என்றேன்.

"நாளைக்கு யார் வெட்டினதுன்னு கேப்பா, ஏகாம்பரம். அதுக்கு ஒரு பேர்தான் இருக்கணும்."

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். கயிற்றின் மறுமுனை என்னிடமும் ரெட்டியாரிடமும் இருந்தது. கோயில் வேலை செய்த குடும்பத்துக் கை அது. கடப்பாறை பிடித்துப் பழகாதது. ஆனால் எங்கே குத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அடியில் குத்தாமல் மேல் விளிம்பில் குத்தினார். சுவரில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்தது. இன்னொரு குத்து. கசிவு ஒரு கோடாக நீண்டது. "இழு!" என்று ரெட்டியார் கத்தினார். நாங்கள் இழுப்பதற்குள் மண் சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் சாரைத் தூக்கி அடித்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. காசிம் பாய் வந்து கயிற்றின் மேல் விழுந்தார். நான்கைந்து பேராக இழுத்துப் போட்டபோது சார் மூச்சு வாங்கிக்கொண்டு ரோட்டில் கிடந்தார். கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது.

எழுந்து உட்கார்ந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். "ஏகாம்பரம், எனக்குத் தெரியலை. கோயில் படி தெரியறதா?"

நான் பார்த்தேன். ஒரு படி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு படியும் தெரிந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெட்டின இடத்தில் வெள்ளம் எங்கள் ரோட்டைக் கரைத்துக் கரைத்து விழுங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆடு மாடு போனது, குடிசைகள் போயின. கன்னியம்மா வளர்த்த ஆடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ரெட்டியாருக்கு ஓடைப் பக்கத்துப் பயிர் மண்மூடிப் போயிற்று. காலனி ஜனத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். அவர்களுக்கு அரிசி அனுப்பியவரும் ரெட்டியார்தான்.

மழை விட்டதும் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். கண்டிப்பானவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்க ரோடு ஒன்று அனுமதி இல்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் கேட்கத்தான் வேண்டும். வெட்டுக்கு இந்தக் கரையில் அவரும் சாரும் நின்றார்கள். நாங்கள் தள்ளி நின்றோம்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"கேக்க ஆள் கிடைக்கலை சார். டெலிபோன் இல்லை."

"காத்திருந்திருக்கலாமே?"

சார் கோயிலைக் காட்டினார். சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு அப்படியே சேற்றில் பதிந்திருந்தது. "அந்தக் கோடு வரைக்கும் காத்திருந்தேன் சார்."

"உங்க ஆளுங்க யார் யார் இறங்கினாங்க?"

"வெட்டினது நான். அவா நான் சொன்னதைச் செஞ்சா. இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். குழாய் போதும்னு சொன்னதும் நான்தான். வறண்ட ஏரியைப் பாத்துட்டுச் சொன்னேன். ஊர்ல வயசானவாளைக் கேட்டிருக்கணும். கேக்கலை."

கேட்காமலே இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அப்போது ரெட்டியார் நடுவில் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, ரோட்ட வெட்டச் சொல்லி எடம் காட்னது நானு. கேஸு போடறதா இருந்தா எம்மேலயும் போடுங்க" என்றார்.

விசாரணை சில மாதம் நடந்தது. கடைசியில் சாருக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதனால் பதவி உயர்வும் தள்ளிப்போனது. உத்தரவு வந்த அன்று எங்களுக்கெல்லாம் வேலை ஓடவில்லை. காசிம் பாய், "இன்னா பேஜாரு சார் இது? உசுரக் காப்பாத்தனதுக்கு தண்டனையா?" என்று கொதித்தார்.

"விதி மீறினேன் பாய். அதுக்கு இது. சரிதான். அதே அதிகாரிதான் பாலத்துக்கும் சிபாரிசு பண்ணியிருக்கார், தெரியுமோ? வாங்கோ, ஓடையை அளக்கணும்" என்றார் சார்.

உண்மைதான். வெட்டின இடத்தில் ஐந்து கண் பாலத்துக்கு அனுமதி வந்தது. இந்தத் தடவை சார் காலனியிலும் ஊரிலும் வயசான ஒவ்வொருவரிடமும் போய், எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். மரத்தில், சுவரில், கிணற்று மேடையில் அவர்கள் கை காட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டோம். அந்தக் கோடுகளை வைத்துத்தான் பாலத்தின் உயரம் முடிவானது. ரெட்டியார் தூர்ந்த ஓடையைத் தன் நிலத்தில் ஆறு வரைக்கும் திறந்துவிட்டார். காலனி ஜனம் மேட்டில் வீடு கட்டிக்கொண்டது. பாலத்துக்குக் கம்பி கட்டியபோது சார் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். கான்கிரீட் போட்ட இடத்தில் கன்னியம்மா ஈரச் சாக்குப் போட்டு, அது காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது கூலி வேலையாக இல்லை என்பது பார்த்தாலே தெரியும். திறப்பு விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. ஒரு நாள் தடுப்பை எடுத்தோம். வண்டிகள் போயின.

பிறகு அந்த ரோட்டுக்கு மாநில நெடுஞ்சாலை என்று பலகை வந்தது. நான் ரோடு இன்ஸ்பெக்டர் ஆனேன். ராகவன் சார் தாமதமாகத்தான் பதவி உயர்ந்தார். எங்கே மாற்றலாகிப் போனாலும் அவருடைய பகுதி ரோடுகளில் மழைக்குப் பிறகு குட்டை இருக்காது என்று எங்கள் துறையில் பேச்சு இருந்தது. அவர் எங்கள் பகுதியை விட்டுப் போவதற்கு முந்தைய மழைக்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த வருஷமும் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தது. விடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். சார் அங்கே கைப்பிடிச் சுவர் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அடியில் ஐந்து கண்ணிலும் தண்ணீர் நிறைந்து, சுழித்து, ரெட்டியாரின் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலனி வீடுகளில் அடுப்புப் புகை தெரிந்தது.

புதுவாயல் பக்கமிருந்து காலை பஸ் வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீடு திரும்புகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் வேகத்தைக் குறைக்காமல் எங்களைத் தாண்டிப் போனது.

அது கண்ணுக்கு மறைகிற வரை சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏகாம்பரம், அதுல ஒருத்தராவது எட்டித் தண்ணியைப் பாத்தாரா?"

"இல்ல சார். எல்லாம் தூங்கிகினு போறாங்க."

"தூங்கட்டும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "ரோடுன்னா அதுதான்."